டச்சஸ் விற்பனைக்கு அல்ல!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

போன் அலறியது.

டெபுடி வெர்னா அப்போதுதான் காபியில் உதடு வைத்திருந்தாள். எல்க் மான் வேட்டை ஆரம்பித்த நாளிலிருந்து அவள் ஒரு கப் காபியைக்கூடச் சூடாகக் குடித்ததில்லை. வழி தவறியவன், தன் காலையே சுட்டுக்கொண்டவன், அடுத்தவன் சுட்ட மானுக்குச் சொந்தம் கொண்டாடுபவன்... அக்டோபர் வந்தால் பிட்டர் ஃபோர்க் ஊரே ஷெரீஃப் ஆபீஸுக்குத்தான் போன் போடும்.

எடுத்தாள்.

"வெர்னா... நான்தான்... க்ளெம்!"

அவளுடைய முன்னாள் புருஷன்! விவாகரத்துக்குப் பிறகு ஒரு நல்ல செய்தி சொல்ல அவன் கூப்பிட்டதாகச் சரித்திரமே இல்லை.

"வண்டியோட சேத்துல மாட்டிக்கிட்டியா? வேற யாரையாவது கூப்பிடு. நான் இப்ப உன் பொண்டாட்டி இல்ல."

"மாட்டினது நான் இல்ல... ஆர்வில்! அவனத் தேடிக்கிட்டு வந்தேன். மேட்டுல ஏறி சிக்னல் பிடிச்சுப் பேசறேன். வெர்னா... ஆர்வில் செத்துக் கிடக்கான்!"

காபி கவிழ்ந்தது.

*

மாமியார் சேறு!

ஊருக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவில், பச்சைக் கம்பளம் விரித்த மாதிரி அப்பாவியாகப் படுத்திருக்கும் சதுப்பு நிலம். உள்ளே வரும்போது இதமாக வரவேற்கும். அப்புறம் விடவே விடாது. பேர் வைத்தவனுக்கு சொந்த அனுபவம் இருந்திருக்க வேண்டும்.

அதில் பாதி புதைந்து நின்றிருந்தாள்... டச்சஸ்!

டச்சஸ் ஒரு வண்டி. மலையேறும் நாலு சக்கர பைக். ஆனால் 'வண்டி' என்று சொன்னால் ஆர்விலுக்குக் கோபம் வரும். கம்பெனி கொடுத்ததில் ஹாரனைத் தவிர எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, எட்டு வருஷமாக அவனும் அவன் சிநேகிதன் க்ளெமும் இழைத்து இழைத்துச் செய்தது. இடுப்பு உயர டயர்கள். பாறை உரசினாலும் கிழியாத இரும்பு வயிறு. ஆற்றில் இறங்கினாலும் இன்ஜின் மூச்சு விட ஒரு நீளக் குழாய். விரல் விறைக்காமலிருக்கச் சூடாகும் கைப்பிடிகள். துப்பாக்கிக்கு ஒரு தொட்டில், பியருக்கு ஒரு பெட்டி.

முன்னால் ஒரு வின்ச். சேற்றில் சிக்கினால் அதன் கம்பிக் கயிற்றை நீட்டி, எதிரே மரத்தில் ஒரு நைலான் பட்டையைச் சுற்றி, கொக்கியை அதில் மாட்டி பட்டனை அமுக்கினால் போதும். வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொள்ளும்.

ஆர்வில் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகியது. டச்சஸ் ஒரு சொட்டு ஒழுகியதில்லை.

அந்த டச்சஸின் மூக்குக்கு எதிரில் ஆர்வில் மல்லாந்து கிடந்தான். நெற்றிப்பொட்டில் பள்ளம். பக்கத்தில் ரத்தக் கறையோடு கொக்கி. எதிர் மரத்தடியில் இரண்டாக அறுந்து கிடந்தது பட்டை.

வெர்னாவின் பின்னால் உட்கார்ந்து மலையேறி வந்திருந்த ஷெரீஃப் ஹாஸ்கெட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

"பட்டை அறுந்திருக்கு. கொக்கி திரும்பப் பறந்து வந்து மண்டையில அடிச்சிருக்கு. விபத்து. எழுதிக்கோம்மா. ஆமா, நம்ம ஆபீஸ் வண்டி சீட்டுல பஞ்சு வெச்சிருக்காங்களா, கல்லு வெச்சிருக்காங்களா?"

வெர்னா பிணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார்... விபத்து இல்ல."

"ஏன்?"

"கோட்டு போட்டிருக்கான்."

"குளிருதும்மா. போடாம?"

"வின்ச் இழுக்கறப்ப நம்ம ஊர்க்காரன் கோட்டு எங்க சார் இருக்கும்?"

ஷெரீஃப் கயிற்றைத் திரும்பிப் பார்த்தார்.

பிட்டர் ஃபோர்க்கில் பால் குடி மறந்த குழந்தைக்கும் தெரியும். வின்ச் கயிறு விறைக்கும் முன் கோட்டைக் கழற்றி அதன் நடுவில் போர்த்த வேண்டும். பிய்த்துக்கொண்டால் கோட்டின் கனம் கயிற்றைத் தரையில் அமுக்கிவிடும். போர்த்தாவிட்டால் கயிறு சவுக்காகி எதிரில் நிற்பவனைப் பதம் பார்க்கும். பனி கொட்டினாலும் கோட்டு கயிற்றுக்குத்தான்... மனுஷன் நடுங்கலாம்!

"மறந்திருப்பான்..." என்றார் ஷெரீஃப். அவருக்கே நம்பிக்கையில்லை.

"ஆர்விலா? முன் பல்லு ரெண்டும் அப்படிப் போனதுதான் சார்! அதுக்கப்புறம் சர்ச்சுல எழுந்து நின்னாலும் இதே பிரசங்கம்தான். இன்னொண்ணு... அந்த ஜிப்பு!"

ஜிப் கழுத்து வரை ஏற்றியிருந்தது.

"இந்தத் தொப்பைய வெச்சுக்கிட்டு அவன் ஜிப்ப மூடி நீங்க பாத்திருக்கீங்களா?"

ஷெரீஃப் தன்னுடைய தொப்பையைக் குனிந்து பார்த்தார். இல்லை என்று தலையாட்டினார்.

"அடிச்சுப் போட்டுட்டாங்க சார். அப்புறம் வின்ச்ச ஓட்டி, பட்டைய அறுத்து, விபத்து மாதிரி ஜோடிச்சிருக்காங்க."

"அப்போ... கொலை!" ஷெரீஃபின் கண்கள் சுருங்கின. "சரி. டச்சஸை ஸ்டார்ட் பண்ணாம வின்ச் ஓடாது. ஸ்டார்ட் பண்ண யாருக்குத் தெரியும்?"



திருட்டுக்குப் பயந்து டச்சஸில் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்திருந்தார்கள். சாவி போட்டாலும் அது இல்லாமல் உயிர் வராது. எங்கே இருக்கிறதென்று உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அப்படி இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்பது ஊருக்கே தெரியும், ஏனென்றால் அந்த இரண்டு பேரும் பாரில் பெருமையடித்துக்கொள்ளாத நாளில்லை.

ஒருவன் காலடியில் கிடந்தான்.

இன்னொருவன் மரத்தடியில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றான்.

க்ளெம்!

"சனிக்கிழமை பாருல நான் பக்கத்து ஸ்டூல்லதான் இருந்தேன்" என்றார் ஷெரீஃப். "டச்சஸை வித்துட்டேன்னு ஆர்வில் சொன்னான். இவன் கத்தினான்... 'அது போகணும்னா உன் பிணத்தைத் தாண்டித்தான் போகும்'னு. எனக்கு வறுத்த கறி தொண்டையில மாட்டிக்கிச்சு."

விலங்கு சொடுக்கியது.

*

"உன் புத்திசாலித்தனத்துல தீய வைக்க!" கம்பிக்குப் பின்னாலிருந்து க்ளெம் கத்தினான். "விபத்துன்னு ஷெரீஃபே சொல்லிட்டாரு. உன்ன யாரு வாயத் திறக்கச் சொன்னது?"

"நீ பண்ணலன்னா ஏன்யா பயப்படற?"

"பண்ணலன்னுதான் பயப்படறேன்! பண்ணியிருந்தா இந்நேரம் கனடாவுல இருப்பேன்!"

"நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"வீட்ல."

"சாட்சி?"

"நாய்."

"நாயத்தான் டிவோர்ஸ்ல நான் தூக்கிட்டு வந்துட்டேனே!"

"அதையே நினைச்சுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன்."

வெர்னா தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அரசு வக்கீல் வருகிறார். வழக்குப் பதிவானால் க்ளெம் இனி வெளியே வருவது சவப்பெட்டியில்தான். துப்பைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அவள்!

அவனை உள்ளே தள்ள வேண்டுமென்று பல வருஷமாக ஆசைப்பட்டவள்தான். ஆனால் செய்யாத குற்றத்துக்காக அல்ல. செய்த குற்றங்களே தாராளமாக இருந்தன. தவிர, அவளுக்கு அவனைத் தெரியும். கோபம் வரும், கத்துவான். கத்தி முடித்ததும் பசிக்கும். அவ்வளவுதான் க்ளெம்.

"ஆர்வில் ஏன்யா டச்சஸை வித்தான்? உயிரா இருந்தானே?"

க்ளெம் கம்பியில் நெற்றியை முட்டினான்.

"பொண்டாட்டிக்காக! ட்வைலாவுக்காக! எட்டு வருஷமா 'அந்தச் சனியன வித்துத் தொலை'ன்னு அவன் காதுல ஓதிக்கிட்டே இருந்தாளே, ஊருக்கே தெரியுமே! இருபதாவது கல்யாண நாள் வருதாம். 'அவ என்கிட்ட கேட்டது இது ஒண்ணுதான்டா க்ளெம், குடுத்துடறேன்'னு சொன்னான். பாய்ஸியிலேர்ந்து ஒரு பல் டாக்டர் வாங்கறானாம். பல் டாக்டர், வெர்னா! வின்ச்ச வெச்சு என்ன பண்ணுவான்? கடைவாய்ப் பல்லு பிடுங்குவானா?"

"சுவிட்ச் எங்க இருக்குன்னு வேற எவன்கிட்டயாவது உளறினியா?"

"சத்தியமா இல்ல."

"ஆர்வில்? பொண்டாட்டிகிட்ட?"

"சொன்னாலும் அவளுக்கு என்ன புரியும்? டச்சஸுக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாது அவளுக்கு!"

*

மதியத்துக்கு மேல் மழையும் பனியும் கலந்து கொட்டியது.

ட்வைலாவிடம் ஒப்படைக்க ஆர்விலின் தொப்பியையும் ப்ளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு வெர்னா புறப்பட்டாள். ஆபீஸ் வண்டி கம்பெனியிலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தது. மொட்டை டயர், கல் சீட்டு. ஒரே ஆடம்பரம், முன்னாலிருந்த வின்ச். கல்யாண நாளுக்கு மோதிரம் கேட்டவளுக்கு க்ளெம் மாட்டிக் கொடுத்தது. விவாகரத்து மனுவில் அதையும் அவள் ஒரு காரணமாகச் சொல்லியிருந்தாள்.

கதவைத் திறந்த ட்வைலாவின் கண்கள் வீங்கியிருந்தன. பள்ளிக்கூடத் தோழி. வெர்னாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"உள்ள வாடி. உருளைக்கிழங்கு சாப்பிடு. ஊர்ல ஒருத்தி விடாம சீஸ் போட்டு, கார்ன்ஃப்ளேக்ஸ் தூவி, வேக வெச்சு அனுப்பியிருக்காளுங்க. ஃப்ரிட்ஜுல இடமில்ல. புருஷன் போனா உருளைக்கிழங்குதான் மிச்சம்."

"ஒண்ணு கேக்கணும் ட்வைலா. டச்சஸோட அந்த சுவிட்ச்..."

"அந்தப் பீடையோட பேர எடுக்காத! ஒரு நாள்கூட அதுல ஏறி உக்காந்ததில்ல நான். நேத்து கடைசியா ஒரு சுத்து போயிட்டு வரேன்னு தனியாத்தான் கிளம்பினான். வேட்டை சீசனாச்சே, எங்கயாவது கூடாரத்துல படுத்திருப்பான்னு விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்தாள். "க்ளெம் இப்படிப் பண்ணுவான்னு நான் நினைக்கவே இல்லடி."

"நானும்தான்..." என்றாள் வெர்னா.

அவ்வளவுதான்! கடைசி நூலும் அறுந்தது. வெர்னா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்து வண்டியைக் கிளப்பினாள்.

ர்ர்ர்ர்ர்...

மொட்டை டயர்கள் வாசல் சேற்றில் சுழன்றன. வண்டி புதைந்தது.

"இன்னிக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்!"

எதிரே இருந்த பைன் மரத்தில் பட்டையைச் சுற்றினாள். கொக்கியை மாட்டினாள். மனசு முழுக்கக் கம்பிக்குப் பின்னால் இருந்தது. கயிற்றுக்கு நேராக நின்றபடி பட்டனை அமுக்கினாள்.

கயிறு விறைத்தது. பட்டை முனகியது...

"வெர்னாஆஆ...! நிறுத்துடீ...!"

வீறிட்டபடி ஓடி வந்தாள் ட்வைலா. ஓடி வரும்போதே தன் சிவப்புக் கோட்டைக் கழற்றினாள். உள்பக்கம் கீழே இருக்குமாறு கயிற்றின் நட்டநடுவில் வீசினாள். வெர்னாவின் தோளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்துத் தள்ளினாள்.

"சாகணுமாடி உனக்கு? நேர நிக்கற! பட்டைய யாராவது இவ்வளவு உயரத்துல கட்டுவாங்களா? அடிமரத்துக்கு இறக்கு. ஹாண்டில நேராக்கு. சக்கரத்த சுத்த விடாத, சும்மா உருட்டு. ஆங்... இப்ப அமுக்கு. மெதுவா... மெதுவா..."

வண்டி வெண்ணெயாக வெளியே வந்தது.

வெர்னா நன்றி சொல்லிக்கொண்டே குனிந்து கோட்டை எடுத்தாள். சேற்றை உதறினாள். உள்பக்கத்தைத் திருப்பினாள்.

கம்பிக் கயிறு பதிந்த கருப்பு கிரீஸ் கோடு. ஈரமாக.

அதற்குப் பக்கத்தில்... இன்னொரு கோடு.

காய்ந்துபோய்!

மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்களும் அசையவில்லை.

"முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னே தெரியாதவளுக்கு..." வெர்னா கோட்டை நீட்டினாள். "இவ்வளவும் எப்படிடி தெரியும்?"

ட்வைலா கோட்டைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"உன்ன சாக விட்டிருக்கணும். கை கேக்கலடி."

*

சமையலறை மேஜையில், உருளைக்கிழங்குத் தட்டுகளுக்கு நடுவில் அவள் பேசினாள்.

"சிகரெட்ட ஒளிச்சு வெச்சிருக்கானான்னு சீட்டுக்கு அடியில துழாவினேன். விரல்ல சுவிட்ச் தட்டுப்பட்டுச்சு. டச்சஸ் உறுமினா. சும்மா தெரு முனை வரைக்கும் போவோமேன்னு ஏறினேன்... மலை உச்சியில போய்த்தான் நிறுத்தினேன். அதுலேர்ந்து, அவன் மரமில்லுக்கு வேலைக்குப் போற நாளெல்லாம் நான் மலைக்குப் போயிடுவேன். கழுவித் துடைச்சு, இருந்த மாதிரியே நிறுத்திடுவேன். பெட்ரோல் ஏன் குறையுதுன்னு அவனும் க்ளெமும் இன்ஜினப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தானுங்க!"

அழுதுகொண்டே சிரித்தாள்.

"அங்க மேல எவளும் என்கிட்ட சமையல் குறிப்பு கேக்க மாட்டா வெர்னா. கை கதகதன்னு இருக்கும். நான் பொறந்ததே அதுக்குத்தான்னு தோணும்."

"அப்புறம் ஏன்டி சனியன், பீடைன்னு ஊரு பூரா திட்டின?"

"மொதல்ல நெஜமாத்தான் திட்டினேன். அப்புறம் எப்படி நிறுத்தறது? திடீர்னு நிறுத்தினா சந்தேகம் வராதா?"

"விக்காதன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே!" மேஜையில் அடித்தாள். தட்டுகள் குதித்தன. "நேத்து என்னையும் பின்னாடி ஏத்திக்கிட்டுத்தான் போனான். சேத்துல மாட்டினோம். மரத்துல மாட்டுன்னு கொக்கிய இழுத்து என் கையில குடுத்தான். குடுத்துட்டு, 'உனக்காக வித்துட்டேன் கண்ணு, நாளைக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க'ன்னான். எனக்கு உசுரே போச்சு. விக்காத ஆர்வில், நான் ஓட்டறேன், எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்னு கெஞ்சினேன். சிரிச்சான். 'நீயா? காரை ரிவர்ஸ் எடுத்து கேட்டை இடிச்சவதானே நீ?'ன்னான். கல்யாணமான புதுசுல இடிச்ச கேட்டு வெர்னா! எத்தன வருஷமா அதே கதை, அதே சிரிப்பு! கொக்கி கையில இருந்துச்சு. அவன் கோட்டைக்கூட இன்னும் கழட்டல..."



"அப்புறம்?"

"பழைய பட்டை ஒண்ணு பெட்டியில இருந்துச்சு. அதக் கட்டி, அறுந்து போற வரைக்கும் இழுத்தேன். கோட்டு போடாம இழுக்கக் கூடாதே... என்னோடத போட்டேன். அவனோடத கழட்டிப் போடணும்னு தோணவே இல்ல."

"க்ளெமை மாட்டி விட்டியே, பாவி!"

"நான் எங்கடி மாட்டி விட்டேன்? நான் ஒழுங்கா விபத்துன்னுதானே பண்ணி வெச்சேன். கொலைன்னு கண்டுபிடிச்சது நீ! உன் புருஷன உள்ள தள்ளினதும் நீ!"

"முன்னாள் புருஷன்" என்றாள் வெர்னா. அந்த நேரத்திலும் அதைத் திருத்தாமல் இருக்க முடியவில்லை.

விலங்கை எடுத்தாள். ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருந்தது.

"அந்த ஜிப்பு? அவன் ஜிப்ப மூடவே மாட்டானே?"

ட்வைலா ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு நடக்க ஆரம்பிச்சேன். மழை பிடிச்சுக்கிச்சு. திரும்பிப் பாத்தா, நெஞ்ச திறந்து போட்டுக்கிட்டு கிடக்கான். குளிருமேன்னு இருந்துச்சு. திரும்பப் போய்... மூடி விட்டுட்டு வந்தேன்."

வெர்னாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறைக்கவில்லை. தோழியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் அதே கையில் விலங்கை மாட்டினாள்.

வாசலில் ட்வைலா நின்றாள்.

"டச்சஸை ரொம்ப நாள் சேத்துல விடாதீங்கடி. பேரிங் துருப்பிடிச்சுடும்."

*

பல் டாக்டர் ட்ரெய்லரோடு வந்தார். விவரம் கேட்டார். காலி ட்ரெய்லரோடு பாய்ஸிக்குப் பறந்தார்.

ஷெரீஃப் கம்பிக் கதவைத் திறந்தார். க்ளெம் வெளியே வந்து சோம்பல் முறித்தான்.

"ஒரு நிமிஷம்கூட என்ன சந்தேகப்படலதானே வெர்னா?"

"இல்ல. கொலைகாரன் தன் கோட்ட ஞாபகமா எடுத்துட்டுப் போயிருந்தான். நீ போற இடத்துல எல்லாம் கோட்ட மறந்துட்டு வர ஆளு."

க்ளெம் தரையைப் பார்த்தான். தொப்பியைக் கையில் சுழற்றினான்.

"உள்ள உக்காந்து ரொம்ப யோசிச்சேன் வெர்னா. நாம பிரிஞ்சதுக்கே என் வண்டிதான் காரணம். வண்டிய வித்துடறேன். திரும்ப வந்துடறியா? நாய்கிட்டயும் கேட்டுச் சொல்லு."

வெர்னா சட்டென்று இரண்டடி பின்னால் போனாள். மேஜை மேலிருந்த ஹெல்மெட்டை எடுத்து அவன் நெஞ்சில் எறிந்தாள்.

"யோவ்... நம்ம ஊர்ல பொம்பளைகிட்ட வண்டிய விக்கறேன்னு சொல்றதா இருந்தா, மொதல்ல இதைத் தலையில மாட்டிக்கிட்டுச் சொல்லு!"